சுவர் ஆடிய காட்சி

அக்காவுக்குப் பல்வலி.
வாங்கிய டிக்கெட் வீணாகக் கூடாதாம்.
அதனால்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை
கிரிம்ஸ்பி நகரத்து மழைக்குத் தப்பி
எஃப் வரிசையில், பன்னிரண்டாம் இருக்கையில்
என் ஈரக் கோட்டு.
கோட்டுக்குள் நான்.
பதினோராம் இருக்கையில்
பதினொரு வருடமாக நான் பேசாத
அக்கா கணவர் செட்ரிக் மால்ட்பி.

பேச்சு நின்றது ஒரு புல்வெட்டும் எந்திரத்தால்.
இரவல் கொடுத்தது யார், கெடுத்தது யார் என்பதில்
குடும்பம் இன்றைக்கும் இரண்டு கட்சி.

படத்தின் பெயர் பெல்ஷா பிரிவு.
வியாழன்தோறும் இரவு ஏழரைக்கு
டீவியில் வந்ததே, அதேதான்.
மூன்று துப்பறிவாளர்கள், ஒரே கார்,
வாராவாரம் ஒரே கல்குவாரியில் துரத்தல்.
பாரிஸ் என்பார்கள்: கல்குவாரி.
பாலைவனம் என்பார்கள்: கல்குவாரி.
ஒருமுறை சந்திரன் என்றார்கள்.
கல்குவாரிதான், கொஞ்சம் மாவு தூவி.

அதைப் போய் இத்தனை கோடி பவுண்டு கொட்டி
தாடை மட்டுமே நடிக்கத் தெரிந்த பையன்களை வைத்து
எடுத்திருக்கிறார்கள் என்றால்
தூங்கிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.
நான் இரவுப் பேருந்து ஓட்டுகிறவள்.
இருட்டும் மெத்தை நாற்காலியும் அமைந்தால்
வெடிகுண்டு எனக்குத் தாலாட்டு.

பத்தாவது நிமிடம்
ஒரு பால் வண்டி ஹெலிகாப்டரைத் துரத்தியது.
அந்தக் காலத்து பேட்டரி வண்டி,
உயிரைக் கொடுத்தாலும் மணிக்குப் பதினைந்து மைல்.
குண்டு மழைக்கு நடுவே
வளைவு வந்ததும் இண்டிகேட்டர் போட்டது.
போட்டு,
எதிரே வந்த கிழவரின் சைக்கிளுக்கு வழிவிட்டு,
அப்புறம் திரும்பியது.
பாட்டில் ஒன்றும் உடையவில்லை.
என் தொழில் புத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு அந்தக் காட்சி.
மேலதிகாரியோடு மோதிவிட்டு பெல்ஷா வெளியேறுகிறார்.
கதவை அறைகிறார்.
பழைய தொடரில் இந்த இடத்தில் சுவர் ஆடும்.
ஒட்டுப்பலகைச் சுவர்.
சுவரில் வரைபடம் ஆடும், ஜன்னல் ஆடும்,
ஜன்னலுக்கு வெளியே மொத்த லண்டனும் ஆடும்.
நடிகர்கள் காணாததுபோல் நிற்பார்கள், பாவம்.
இங்கேயோ நாற்பதாவது மாடி,
எங்கு பார்த்தாலும் எஃகும் கண்ணாடியும்.
கதவு அறைந்தது.
ஒன்றுமில்லை.
இன்னும் ஒன்றுமில்லை.
அப்புறம் மெல்ல, கூச்சத்தோடு,
எஃகுச் சுவர் ஆடியது.
வெளியே லண்டனும்.

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்,
பின்னால் எதற்கு இந்தக் கூச்சல் என்று.
எனக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு.
பக்கத்து மனிதர் விக்குகிறாரா அழுகிறாரா தெரியவில்லை:
வாய் நிறையப் பாப்கார்ன், கண் நிறையத் தண்ணீர்,
தன் முட்டியில் அடித்துக்கொண்டே வந்தவர்
தவறி என் முட்டியில் ஒன்று போட்டார்.
“மன்னிக்கணும்” என்றார்.
பதினொரு வருடத்தில் முதல் சொல்.
முட்டிக்கா எந்திரத்துக்கா என்று கேட்க நேரமில்லை,
பால் வண்டி மறுபடி வந்துவிட்டது.

குறை சொல்லலாம்.
வில்லனுக்கு அணையை உடைத்து என்ன லாபம்
என்று அவனே மறந்துவிட்டான்.
கடைசி அரைமணி நேரம் வெறும் நெருப்பு.
அந்த நெருப்பும் ஒரு கல்குவாரியில்தான் எரிந்தது என்பதால்
மன்னித்தேன்.

வெளியே மழை விட்டபாடில்லை.
இறக்கிவிடட்டுமா என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.
காரில் ஏறிக் கதவை அறைந்தார்,
கல்யாணமான நாள் முதல் அவர் அறைகிற அறை.
பேருந்து நிறுத்தத்தில் நின்ற நான்
என்ன தோன்றியதோ,
கூரைக் கம்பத்தை இரண்டு கையாலும் பற்றி
உலுக்கினேன்.
கூரைத் தண்ணீர் முழுக்க என் தலையில்.

கார் கிளம்பியது. நின்றது.
இடப்பக்க இண்டிகேட்டர் மினுக்க,
வெறிச்சோடிய சாலையில் யாருக்கோ வழிவிட்டு,
மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில்
என்னை நோக்கி வரத் தொடங்கியது.